கண்பாவை சுருங்குவதை அளந்து, ஒரு விளக்கு தூக்கத்தைக் கெடுக்குமா என்று சொல்ல முடியுமா?

ஒளியமைப்பாளன் எழுதியது:

வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் படுக்கையறை, படிக்கும் அறை என்று எதைப் பேசத் தொடங்கினாலும் வாடிக்கையாளர்கள் "தூக்கத்தைக் கெடுக்காத விளக்காகப் போடுங்கள்" என்கிறார்கள். விற்பனையாளர்களைக் கேட்டால் நிற வெப்பநிலையைக் காட்டி, மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் என்றால் நல்லது, நீலச் சாயலுள்ள 6500 கெல்வின் என்றால் கெட்டது என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன என்றும், உடற்கடிகாரத்துக்கும் கண்பாவைக்கும் ஒளிச் செய்தியைக் கொண்டுபோவது அவையே என்றும் படித்தேன்.

அது உண்மையானால் ஒரு குறுக்குவழி இருக்க வேண்டும். இரவில் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்னும் ஹார்மோனை அளக்க உமிழ்நீரும் இரத்தமும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என்னால் ஆகாது. ஆனால் அகச்சிவப்புக் கேமரா ஒன்றை வைத்துக் கண்பாவையின் விட்டத்தைப் பதிவு செய்வது பெரிய காரியமில்லை. இரண்டு விளக்குகளை ஒரே லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில் எரியவிட்டு, எந்த விளக்கின் கீழ் கண்பாவை அதிகம் சுருங்குகிறதோ, அந்த விளக்கே தூக்கத்தை அதிகம் கெடுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? துறை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை எழுதியது:

விழித்திரை உடலியங்கியலில் ஆய்வு மாணவி நான். உங்கள் கேள்வியில் பாதி மிகச் சரியானது. மறுபாதிக்கு வருமுன் இந்தச் செல்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது தொடங்கியதே கண்பாவையில்தான்.

1920களில் ஹார்வர்டில் மாணவராக இருந்த கிளைட் கீலர், விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் இல்லாத சுண்டெலிகளை வளர்த்து வந்தார். அவற்றால் பார்க்க முடியவில்லை என்றாலும் கண்ணில் ஒளி விழுந்தால் கண்பாவை சுருங்கியது. 1927இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். பார்ப்பதற்கென்று அறியப்பட்ட செல்களைத் தவிர வேறு ஏதோ ஒன்று ஒளியை உணர்கிறது என்பதற்கு அது வெளிப்படையான சான்று. ஆனாலும் பல பத்தாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1998இல் இக்னாசியோ புரொவென்சியோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு தவளையின் தோலிலுள்ள நிறமிச் செல்களில் மெலனாப்சினைக் கண்டுபிடித்தார்கள். 2000இல் அதே நிறமி மனித விழித்திரையின் உள்ளடுக்கில் இருப்பது தெரியவந்தது. 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சாமர் ஹாட்டர், கிங்-வாய் யாவ் ஆகியோரின் குழுவினரும், இந்த நிறமியை உடைய கேங்லியான் செல்கள் (விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்புபவை), குச்சி செல்களோ நிறம் காண உதவும் கூம்பு செல்களோ உதவாமல் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்றும், அவற்றின் நரம்பிழைகள் உடற்கடிகார மையத்துக்கும் கண்பாவையை ஆளும் நடுமூளைப் பகுதிக்கும் செல்கின்றன என்றும் காட்டினார்கள்.

குரங்குகளின் விழித்திரையில் டென்னிஸ் டேசி குழுவினர் 2005இல் எண்ணிப் பார்த்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கேங்லியான் செல்களில் ஏறத்தாழ மூவாயிரம் மட்டுமே இவ்வகையைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். எண்ணிக்கையில் இத்தனை சிறிய கூட்டம் இவ்வளவு வேலை செய்வதே எனக்கு இன்றும் வியப்பு.

இனி உங்கள் சோதனையைத் தொடும் செய்தி. குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஒளி பட்ட உடனே மறுமொழி தந்து, விரைவில் தணிந்துவிடுகின்றன. மெலனாப்சின் செல்களின் சொந்த மறுமொழி மெதுவாக எழும். ஒளி நிலைத்திருக்கும் வரை தானும் நிலைக்கும். ஒளியை அணைத்த பிறகும் உடனே அடங்காது. கண்பாவையில் இம்மூன்றின் தடயமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிகிறது. விளக்கைப் போட்ட முதல் ஓரிரு நொடியில் உங்கள் கேமரா காணும் பெரிய சுருக்கம், பெரும்பாலும் கூம்பு செல்களும் குச்சி செல்களும் தூண்டியது. அதை அளந்துவிட்டு மெலனாப்சினை அளந்ததாகச் சொல்ல முடியாது.

வாத்தியார் எழுதியது:

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இழையைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்பாவையின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறும் என்கிறார்கள். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், உள்ளே நுழையும் ஒளியை அது 16 மடங்குக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ இயலாது. நிலவொளிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையிலோ லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. அப்படியானால் வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்ணைச் சரிசெய்வது கண்பாவைதான் என்று பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மையாகத்தான் இருக்க முடியும். மீதி வேலை விழித்திரைக்குள் நடக்க வேண்டும்.

எனக்கு இன்னொரு ஐயமும் இருக்கிறது. மெலனாப்சின் எந்த அலைநீளத்துக்கு அதிகம் இசையும் என்று தேடினால் சில இடங்களில் 480 நானோமீட்டர் என்றும், சில இடங்களில் 490 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

வெண்படலம் எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கு சரியானது. வெளிச்சத்துக்குப் பழகும் வேலையில் பெரும்பங்கு விழித்திரையுடையதே. கண்பாவை செய்வது விரைவான சிறு திருத்தம். அதோடு, சுருங்கும்போது கண் லென்சின் ஓரக் குறைகள் மறைந்து பிம்பம் கூர்மையாகிறது, குவி ஆழமும் கூடுகிறது.

480, 490 இரண்டும் சரிதான். அளக்கும் இடம் வேறு. நிறமியை மட்டும் தனியே பார்த்தால் உச்சம் 480 நானோமீட்டருக்கு அருகில் அமையும். ஆனால் ஒளி அந்த நிறமியை அடையுமுன் கண் லென்சைக் கடக்க வேண்டும். லென்சு நீல ஒளியை ஓரளவு வடிகட்டிவிடுகிறது. ஆகவே கண்ணுக்கு வெளியே நின்று அளக்கும்போது உச்சம் 490 பக்கமாக நகர்கிறது. 2018இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் (சி.ஐ.இ.) வெளியிட்ட எஸ் 026 தரநிலையின் மெலனாப்சின் வளைவு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நான் கண் பரிசோதகர். மருத்துவமனையில் கண்பாவையை நாங்கள் எதற்காகப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளிச் செய்தி பார்வை நரம்பின் வழியே நடுமூளையின் ஒரு சிறு உட்கருவை அடைகிறது. அங்கிருந்து இருபுறமுள்ள எடிங்கர்-வெஸ்ட்பால் உட்கருக்களுக்கும் பிரிந்து, மூன்றாம் மண்டை நரம்பில் ஏறி, கண்பாவையைச் சூழ்ந்த ஐரிசின் சுருக்குத் தசைக்குத் திரும்புகிறது. செய்தி இருபுறமும் பிரிவதால்தான் ஒரு கண்ணில் ஒளி அடித்தால் மற்றக் கண்ணின் பாவையும் சேர்ந்து சுருங்குகிறது. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும் எங்கள் பழைய சோதனை இதை நம்பித்தான் நடக்கிறது. இந்தப் பாதை முழுவதும் காட்சியைப் புரிந்துகொள்ளும் பெருமூளைப் பகுதியான பார்வைப் புறணியைத் தொடுவதே இல்லை. மூளையின் பின்பகுதியில் இரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வையை முற்றிலும் இழந்தவருக்குக்கூடக் கண்பாவை வழக்கம்போல் சுருங்கும்.

கயல் எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் விலகிய கேள்விதான். ஆனால் இங்கே கேட்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. என் அம்மாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். பல ஆண்டுகளாக அவருக்கு ஒளியின் வடிவம்கூடத் தெரிவதில்லை. அண்மையில் பரிசோதித்த மருத்துவர், பலமான ஒளியை வெகுநேரம் காட்டினால் கண்பாவை மெல்லச் சுருங்குகிறது என்றார். எங்கள் வீட்டில் அதைக் கேட்டதும் பார்வை திரும்பப் போகிறதோ என்ற நம்பிக்கை பிறந்துவிட்டது. மேலே எழுதப்பட்டதை வைத்துப் பார்த்தால் அப்படி நம்ப இடமில்லை என்று தோன்றுகிறது. விளக்கிச் சொல்ல முடியுமா? அத்துடன், வெயில் ஏறினால் கண் கூசுவதாகச் சொல்லி அவர் நாள் முழுதும் கறுப்புக் கண்ணாடியுடன் ஜன்னலை மூடிய அறைக்குள்ளேயே இருக்கிறார். அதில் ஏதேனும் தவறு உண்டா?

வெண்படலம் எழுதியது:

கயல், நேராகச் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது. அந்தச் சுருக்கம் பார்வை திரும்புவதன் அறிகுறியன்று. அம்மாவின் நோயில் அழிவது விழித்திரையின் வெளியடுக்கு; குச்சி செல்களும் கூம்பு செல்களும் இருப்பது அங்கேதான். உள்ளடுக்கிலுள்ள கேங்லியான் செல்கள் நெடுங்காலம் தப்பியிருக்கக்கூடும். அவற்றில் மெலனாப்சின் உடையவை தாமே ஒளியை உணர்ந்து கண்பாவைக்குச் செய்தி அனுப்புகின்றன. பலமான ஒளி தேவைப்பட்டது, சுருக்கம் மெதுவாக வந்தது என்னும் இரண்டும் அந்தச் செல்களின் இயல்போடு ஒத்துப்போகின்றன.

இதற்குப் புகழ்பெற்ற ஒரு முன்னுதாரணம் உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விழித்திரையின் வெளியடுக்கு செயலற்றுப்போன இருவரைச் சோதித்தார்கள். அவர்களில் ஒருவர் 87 வயதுப் பெண்மணி. அவருடைய கண்பாவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாகச் சுருங்கியது. ஒளி இருக்கிறதா இல்லையா என்று கேட்டபோது, அதே அலைநீளப் பகுதியில் மட்டும் அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. எதையும் பார்க்க முடியாத ஒருவருக்கு வெளிச்சம் வந்ததை மட்டும் உணர முடிந்தது என்பது பலரை யோசிக்க வைத்தது. அம்மாவிடமும் அப்படி ஏதேனும் உணர்வு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடி பற்றி: கூச்சம் உண்மையானது, அதைப் பொறுத்துக்கொள் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் கண்பாவைக்குச் செய்தி போகிறது என்றால் உடற்கடிகாரத்துக்கும் போகக்கூடும். பார்வையற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு, கண்ணில் ஒளி விழும்போது மெலடோனின் சுரப்பு மட்டுப்படுகிறது என்று சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1995இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பகல் முழுதும் இருட்டில் இருந்தால், பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்தும் அந்தக் கடைசி வழியையும் அடைத்தது போல் ஆகும். காலையில் கூச்சம் தராத அளவுக்கு, நிழலான திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ கண்ணாடி இல்லாமல் சிறிது நேரம் உட்காரச் சொல்லலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் உறக்கம், இரவில் விழிப்பு என்று அவருடைய தூக்க நேரம் நகர்ந்துகொண்டே போகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கயல் எழுதியது:

நன்றி. தூக்கம் நகர்ந்துகொண்டே போவது உண்மைதான். வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அடுத்த முறை மருத்துவரிடம் சொல்கிறேன்.

ஒளியமைப்பாளன் எழுதியது:

இருட்டறை, முதல் நொடியின் சுருக்கம் கூம்பு செல்களுடையது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் ஒளியை அணைத்த பிறகு அளக்கிறேன். அணைத்த பின்னும் மெலனாப்சினின் மறுமொழி அடங்காது என்று நீங்களே எழுதினீர்கள். ஒளி நின்ற பிறகும் சுருங்கியே இருக்கும் கண்பாவையை அளந்தால், அது தூய மெலனாப்சின் அளவாக இருக்காதா? ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள் என்றும் படித்தேன்.

இருட்டறை எழுதியது:

ஆம், செய்கிறார்கள். அது மிக நல்ல அளவை; பால் காம்லின் குழுவினர் 2007இல் மனிதரிலும் மக்காக் குரங்குகளிலும் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். பலமான நீல ஒளியைச் சில நொடிகள் காட்டி அணைத்தால், கண்பாவை அரை நிமிடத்துக்கு மேலும், சில நேரம் ஒரு நிமிடத்துக்கு மேலும், முழுதாக விரியாமல் நிற்கும். கண்ணுக்கு அதே அளவு பிரகாசமாகத் தெரியும் சிவப்பு ஒளியை அணைத்தாலோ சில நொடிகளில் விரிந்துவிடும். அணைத்து 6 நொடி கழித்து விட்டத்தை அளந்து, நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவது இன்று பல ஆய்வகங்களில் வழக்கம்.

நோயறிவதில் இதன் பயன் பெரிது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் சிவப்புக்கான மறுமொழி குலைந்து, பலமான நீலத்துக்கான நீடித்த சுருக்கம் எஞ்சும். பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா முற்றிய நிலையில் கேங்லியான் செல்களே சாவதால் அந்த நீடித்த சுருக்கம் குறையும். லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயில் இன்னொரு விந்தை: பார்வை நரம்பே நலிந்துபோன நிலையிலும் மெலனாப்சின் செல்கள் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கின்றன, பார்வை போன அளவுக்குக் கண்பாவை கெடுவதில்லை.

ஆக, விழித்திரையில் எந்தச் செல்கள் உயிரோடிருக்கின்றன என்று கண்பாவையைக் கேட்டால் அது நன்றாகவே பதில் சொல்கிறது. ஆனால் உங்கள் கேள்வி அது அல்லவே. இந்த விளக்கு இன்றிரவு இவருடைய தூக்கத்தைத் தள்ளிப்போடுமா என்று கேட்கிறீர்கள். அங்கே மூன்று இடங்களில் வழி பிரிகிறது.

கண்பாவைக்கும் கடிகாரத்துக்கும் செய்தி கொண்டுபோவது முற்றிலும் ஒரே செல்கள் அல்ல என்பது முதலாவது. மெலனாப்சின் செல்களிலேயே பல வகைகள் உண்டு. 2011இல் ஹாட்டர் குழுவினர், பிஆர்என்3பி என்னும் புரதத்தை உருவாக்கும் மெலனாப்சின் செல்களை மட்டும் சுண்டெலிகளில் அழித்தார்கள். கண்பாவையின் மறுமொழி கடுமையாகக் குலைந்தது. உடற்கடிகாரமோ ஒளியோடு ஒத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றை அளந்து மற்றொன்றை ஊகிப்பது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நேரம் இரண்டாவது. ஒரே விளக்கு காலை 7 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கண்பாவையை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சுருக்கும். கடிகாரத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் எதிரெதிர்ச் செயல்கள்: காலை ஒளி கடிகாரத்தை முன்னே இழுக்கிறது, இரவு ஒளி பின்னே தள்ளுகிறது. கண்பாவை நொடிக்கணக்கில் பேசுகிறது; கடிகாரம் பல நிமிடங்கள், மணிநேரங்கள் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்பாவை வெறும் சாட்சியாக நிற்பதில்லை, குறுக்கிடவும் செய்கிறது. ஜார்ஜ் பிரெய்னார்டும் உடன் ஆய்வாளர்களும் 1993இல், மருந்திட்டுக் கண்பாவையை விரித்தவர்களிடம் அதே ஒளி மெலடோனினை அதிகம் அடக்குகிறது என்று காட்டினார்கள். விரிந்த பாவையில் அதிக ஒளி நுழைகிறது என்பதுதான் காரணம். அப்படியென்றால் ஓர் ஒளியின் கீழ் கண்பாவை நன்றாகச் சுருங்கினால், அந்த ஒளியின் ஒரு பகுதியை அது வாசலிலேயே மறித்துவிடுகிறது. "அதிகம் சுருங்கினால் அதிகக் கேடு" என்ற உங்கள் விதி இந்த இடத்தில் தன்னைத்தானே எதிர்க்கிறது.

வாத்தியார் எழுதியது:

அம்மா, அழகாகச் சொன்னீர்கள். வாட்டு நீராவி எஞ்சினில் வைத்த வேக அடக்கியைப் போல, விளைவே திரும்பி வந்து காரணத்தைக் குறைக்கும் அமைப்பு இது. அத்தகைய அமைப்பில் அடக்கியின் நிலையை மட்டும் பார்த்து எஞ்சினின் சுமையைச் சொல்ல வேண்டுமானால், அடக்கி எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு தாமதிக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது ஆளுக்கு ஆள் வேறுபடும் அல்லவா?

இருட்டறை எழுதியது:

மிகவும் வேறுபடும் ஐயா. மாலை ஒளிக்கு மெலடோனின் எவ்வளவு அடங்குகிறது என்று 2019இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில் அளந்தபோது, 55 பேருக்குள்ளேயே உணர்திறன் 50 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. கண்பாவையின் அடிப்படை அளவும் வயது, களைப்பு, மருந்து என்று பலவற்றால் மாறும். அபினி வகை மருந்துகள் அதைச் சுருக்கும், அட்ரோபின் விரிக்கும், கடினமான மனக்கணக்குப் போடும்போதுகூட அது விரியும்.

ஒளியமைப்பாளர் ஐயாவின் சோதனைக்கு நேரடியாகக் குறுக்கே நிற்கும் இன்னொரு செய்தியும் உண்டு. நீல ஒளி என்றாலே கண்பாவை அதிகம் சுருங்கும் என்று நினைக்கத் தோன்றும். மெலனாப்சினை மட்டும், அல்லது குற்றலை (குறுகிய அலைநீள ஒளியை உணரும்) கூம்பு செல்களை மட்டும் தனியே தூண்டும்படி நிறக்கலவையைக் கணக்கிட்டு அமைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அந்த முறையில் மானுவேல் ஸ்பிட்ஷன் குழுவினர் 2014இல் அளந்தபோது, மெலனாப்சினின் தூண்டல் கூடினால் கண்பாவை சுருங்கியது. குற்றலை கூம்பு செல்களின் தூண்டல் கூடினால் விரிந்தது. இரண்டுமே நீலப் பக்கத்து ஒளியால் தூண்டப்படுபவை. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீல உச்சம் பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டி அமைகிறது. 480ஐ ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது. ஆகவே இரண்டு விளக்குகளின் கீழ் கண்பாவை ஒரே அளவில் நிற்பதாலேயே மெலனாப்சினும் ஒரே அளவில் தூண்டப்படுகிறது என்று கொள்ள முடியாது.

நிழற்குடை எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓர் எதிர்க்கருத்து. கண்பாவையின் இந்த மறுமொழியைப் பார்வையோடு தொடர்பில்லாதது என்று எல்லாரும் வகைப்படுத்துகிறீர்கள். ஆனால் சூரியனின் படத்தைக் காட்டினால், அதே ஒளிர்வுடைய வேறு படத்தைக் காட்டியதைவிடக் கண்பாவை கூடுதலாகச் சுருங்குகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. வெளிச்சமான காட்சியை மனத்தில் கற்பனை செய்தாலும் சுருங்குகிறதாம். காட்சியைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி இதில் தலையிடவில்லை என்றால் இது எப்படி நடக்கும்?

இருட்டறை எழுதியது:

தலையிடத்தான் செய்கிறது. அந்த முடிவுகளை நான் மறுக்கவில்லை. சூரியப் படத்தைப் பற்றிய ஆய்வு 2013இல் வந்தது. வெண்படலம் மேலே விவரித்த நடுமூளைப் பாதை தனித்து இயங்க வல்லது. ஆனால் பெருமூளையிலிருந்து அதன்மேல் ஏறியிறங்கும் செல்வாக்குகள் பல. அதனால்தான் சோதனையின்போது மங்கிய வெற்றுத் திரையைப் பார்க்கச் சொல்கிறோம், பேச விடுவதில்லை, அருகிலுள்ள பொருளைக் குவித்துப் பார்க்க விடுவதில்லை. பரபரப்பான அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரின் கண்பாவையை அளந்தால் விளக்கைப் பற்றிய செய்தியைவிட அவருடைய வேலையைப் பற்றிய செய்தியே மிகுந்து நிற்கும்.

இதற்கு நேர் மறுகோடியிலும் ஒரு செய்தி இருக்கிறது. சில உயிரினங்களில் மூளையே தேவையில்லை. ஈல் மீனின் கண்ணைத் தனியே எடுத்து வைத்தாலும் ஒளி பட்டால் ஐரிஸ் சுருங்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரௌன்-செக்கார் கண்டார். 2011இல் யாவ் குழுவினர், சுண்டெலியின் ஐரிஸ் தசையிலேயே மெலனாப்சின் இருப்பதையும், நரம்பைத் துண்டித்த பிறகும் அது ஒளிக்குச் சுருங்குவதையும் காட்டினார்கள். குரங்குகளில் அப்படி இல்லை. ஆகவே மனிதரிடமும் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. கீலரின் எலிகளில் சுருங்கியதில் எவ்வளவு விழித்திரையின் வேலை, எவ்வளவு ஐரிசின் சொந்த வேலை என்று இப்போது நினைத்துப் பார்க்கையில் சுவையாக இருக்கிறது.

ஒளியமைப்பாளன் எழுதியது:

சரி, கேமரா வாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஆனால் வாடிக்கையாளருக்கு நான் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டுமே. கண்பாவையை விட்டால் எதை அளப்பது?

வாத்தியார் எழுதியது:

இதற்கு என்னால் உதவ முடியும், வெறும் பெருக்கல்தான். வெண்படலம் குறிப்பிட்ட தரநிலை, மெலனாப்சினைத் தூண்டும் திறனைப் பகலொளிக்குச் சமமான லக்ஸாக மாற்றித் தருகிறது. அதைச் சுருக்கமாக மெலனோபிக் லக்ஸ் என்கிறேன். வரையறைப்படி 6500 கெல்வின் தரப் பகலொளியில் ஒரு லக்ஸ், ஒரு மெலனோபிக் லக்ஸ். டங்ஸ்டன் இழை விளக்கில் அது ஏறத்தாழ பாதி. எல்.இ.டி. விளக்குகளில் ஒவ்வொன்றுக்கும் இந்த விகிதம் மாறும்; தயாரிப்பாளரிடம் நிறமாலைத் தரவைக் கேட்டால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2022இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூடி வெளியிட்ட பரிந்துரையில், பகலில் கண்ணளவில் குறைந்தது 250 மெலனோபிக் லக்ஸ், படுக்கைக்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10க்கு மிகாமல், உறங்கும் இடத்தில் 1க்கு மிகாமல் என்று கூறியிருக்கிறார்கள். உங்கள் 2700 கெல்வின் விளக்கின் விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்வோம். அது இரவில் கண்ணளவில் 150 லக்ஸ் தந்தால் 67 மெலனோபிக் லக்ஸுக்கு மேல் ஆகிவிடும். பரிந்துரையை ஆறு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. பகலொளி போன்ற வெள்ளை விளக்கை மங்கவைத்து 10 லக்ஸ் தரச்செய்தால் வரம்புக்குள் நிற்கும். விற்பனையாளர் காட்டும் கெல்வின் எண்ணை மட்டும் நம்பினால், முதல் விளக்கை நல்லது என்றும் இரண்டாவதைக் கெட்டது என்றும் அல்லவா சொல்லியிருப்பீர்கள்?

ஒளியமைப்பாளன் எழுதியது:

இது உடனே கைக்கொள்ளக்கூடியது, நன்றி ஐயா. ஒன்றைக் கவனித்தேன். எங்கள் துறையில் மேசைப் பரப்பில் மீட்டரைப் படுக்கவைத்து அளப்பதே பழக்கம். நீங்கள் எல்லாரும் "கண்ணளவில்" என்கிறீர்கள்.

இருட்டறை எழுதியது:

ஆம், மீட்டரைச் செங்குத்தாக, பார்க்கும் திசையை நோக்கிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பரிந்துரையே தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தைச் சொல்கிறது. மேசையில் 500 லக்ஸ் காட்டும் அறையில் கண்ணுக்கு நேரே அதில் பாதிகூட வராமல் போகலாம். சுவரில் ஒளி பரவும்படி அமைத்தால் பகலில் கண்ணளவு எண் உயரும். இரவில் அதே சுவர் விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வாக, கண்ணில் படாமல் மறைத்த விளக்கைப் பயன்படுத்தலாம்.

வெண்படலம் எழுதியது:

முதியவர்கள் இருக்கும் வீடானால் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வயது ஏற ஏறக் கண்பாவை இயல்பாகவே சிறுக்கிறது, லென்சும் மஞ்சளிக்கிறது; விழித்திரையை அடையும் நீல ஒளி இரண்டு வழியிலும் குறைகிறது. தரநிலையின் வளைவு 32 வயதுக் கண்ணை அடிப்படையாகக் கொண்டது. மற்ற வயதுகளுக்கான திருத்தமும் அதிலேயே இருக்கிறது. எழுபது வயதானவரின் பகல்நேர அறைக்கு 250 என்பதைப் போதுமான அளவாக எடுத்துக்கொள்ளாமல் அந்தத் திருத்தத்தைப் போட்டு உயர்த்துங்கள். கண்புரை அறுவை முடிந்து தெளிவான செயற்கை லென்சு வைத்தவருக்கு நிலைமை தலைகீழாகும். அவருக்கு நீல ஒளி மீண்டும் தாராளமாக நுழையும் என்பதால் இரவு வரம்பில் கூடுதல் கவனம் வேண்டும். அறை யாருக்கு என்பதோடு, அவருக்குக் கண்ணில் அறுவை நடந்திருக்கிறதா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.